கட்டடத்தை ஒட்டி வளர்ந்த மரங்களின் மேல்வேர்களைக் கையாளும் முறை

சுவருக்கு அருகில் நிற்கும் மரத்தின் வேர் தரைக்கு மேல் புடைத்துத் தெரியத் தொடங்கியதும் பலர் முதலில் தேடுவது கோடரியைத்தான். அந்த வேர் உண்மையில் எதைச் சேதப்படுத்துகிறது, அது ஏன் மேலே வந்தது, அதை எடுத்துவிட்டால் மரம் நிலைத்து நிற்குமா என்ற மூன்று கேள்விகளுக்கும் விடை காணாமல் வேரை வெட்டினால், இருந்த சிக்கலைவிடப் பெரிய சிக்கல் உண்டாகலாம். தளத்தை இரண்டு அங்குலம் தூக்கிய வேரை வெட்டிவிட்டு, அடுத்த பெருங்காற்றில் கூரைமேல் சாயக்கூடிய மரத்தை வைத்துக்கொள்வது யாருக்கும் லாபமில்லை. எனவே வேரை வெட்டாமலேயே செய்யக்கூடியவற்றை முதலிலும், வெட்டியே தீர வேண்டிய நிலையில் கடைப்பிடிக்க வேண்டிய அளவுகளைப் பின்னரும் இங்கே பார்க்கலாம்.

வேர் மேலே வருவதற்கான காரணங்கள்

கிளைகள் மேலே எவ்வளவு பரந்திருக்கின்றனவோ அவ்வளவு ஆழத்துக்கு வேர்களும் கீழே இறங்கியிருக்கும் என்ற எண்ணம் பரவலாக உள்ளது, அது சரியன்று. இளங்கன்றில் தெளிவாகத் தெரியும் ஆணிவேர், பெரும்பாலான மர வகைகளில் வயது ஏற ஏற முதன்மையை இழந்துவிடுகிறது. தூரிலிருந்து பக்கவாட்டில் ஓடும் வேர்களே மரத்தைத் தாங்கும் பொறுப்பை ஏற்கின்றன. வளர்ந்த மரத்தின் வேர்களில் மிகப் பெரும் பகுதி மேல் 60 செ.மீ. முதல் 1 மீட்டர் ஆழத்துக்குள்ளேயே இருக்கும். நீரையும் சத்தையும் உறிஞ்சும் சல்லிவேர்கள் அதற்கும் மேலே, முதல் 30 செ.மீ.க்குள் அடர்ந்திருக்கும். பக்கவாட்டிலோ அவை கிளைப்பரப்பின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை. அந்தப் பரப்பின் ஆரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு தொலைவுக்கும் செல்லக்கூடியவை. வேரும் சுவாசிக்கிறது என்பதே இதற்கு அடிப்படைக் காரணம். மண்ணில் ஆழம் கூடக் கூட ஆக்சிஜன் குறைவதால், காற்றும் ஈரமும் ஒருங்கே கிடைக்கும் மேலடுக்கையே வேர் நாடுகிறது.

கட்டடத்தை ஒட்டிய நிலத்தில் இந்த இயல்பு இன்னும் மிகுதியாக வெளிப்படும். கட்டுமானத்தின்போது வண்டிகள் ஏறி இறுகிய மண், அதற்குள் புதைந்து கிடக்கும் செங்கல் துண்டுகளும் சிமெண்ட் கழிவும், மேலே போடப்பட்ட தளம் ஆகியவை சேர்ந்து ஆழமான அடுக்குகளை வேருக்கு எட்டாதவையாக ஆக்கிவிடுகின்றன. நாள்தோறும் சிறிதளவு மட்டும் ஊற்றப்படும் நீர் மேல் சில அங்குலங்களை மட்டுமே நனைப்பதால் வேர்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. கூரையிலிருந்து கொட்டும் மழைநீர் மண்ணை அரித்து வேரை வெளிக்காட்டுவதும் உண்டு. இவை எதுவும் இல்லாவிட்டாலும், வேர் ஆண்டுதோறும் பருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது. விரல் பருமனில் மண்ணுக்குள் ஓடிய வேர், கை பருமன் ஆகும்போது தானாகவே மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே தெரியும்.

மர வகையும் இதில் பங்கு பெறுகிறது. ஆல், அரசு போன்ற அத்திக் குடும்ப மரங்களும், தூங்குமூஞ்சி, குல்மோகர், பாப்லர், வில்லோ ஆகியவையும் வலிமையான மேல்வேர்களுக்குப் பெயர் பெற்றவை. ஆயினும் மோசமான மண்ணில் எந்த மரமும் மேல்வேர் விடும் என்பதால், மரத்தின் பெயரை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதிவிட முடியாது.

சேதம் எங்கே, எவ்வகையில் நிகழ்கிறது

வேர் அஸ்திவாரத்தைத் துளைத்து உடைத்துவிடும் என்ற அச்சம் பெரும்பாலும் மிகையானது. முறையாகக் கட்டப்பட்டு, எடை தாங்கி நிற்கும் அஸ்திவாரத்தைத் தள்ளி நகர்த்தும் வலிமை வேர் நுனிக்குக் கிடையாது. தடையைச் சந்திக்கும் வேர் அதை ஒட்டித் திரும்பி, எளிதான வழியில் ஓடும். ஏற்கெனவே விரிசல் இருந்தால் அதற்குள் நுழைந்து, பிறகு பருத்து, அதை அகலமாக்கும். எடை குறைந்தவற்றின் கதை வேறு. நடைபாதைக் கற்கள், மெல்லிய சிமெண்ட் தளம், வாசற்படி, ஆழமில்லாத அடித்தளத்தின்மேல் எழுப்பிய சுற்றுச்சுவர் ஆகியவற்றைப் பருக்கும் வேர் நேரடியாகவே தூக்கிவிடும். வேர் அவற்றின் அடியிலேயே ஓடுவதும், அவற்றைக் கீழே அழுத்தி வைக்கப் போதிய எடை இல்லாததுமே அதற்குக் காரணம்.

களிமண் நிலத்தில் நிகழும் சேதம் மறைமுகமானது. களிமண் நீரை இழந்தால் சுருங்கும், நீர் ஏறினால் விரியும். அஸ்திவாரத்தின் ஒரு மூலையில் பெரிய மரம் கோடைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சினால், அந்த மூலை மட்டும் சற்றே கீழிறங்கும். கட்டடம் சமமாக இறங்காததால் சுவரில் விரிசல் விழும். இங்கே வேர் எதையும் இடிக்கவில்லை, மண்தான் நகர்கிறது. மணற்பாங்கான மண்ணில் இத்தகைய சுருக்கம் ஏற்படுவதில்லை. ஆகவே ஒரே மரம், ஒரே தொலைவில், ஒரு நிலத்தில் தீங்கற்றதாகவும் மற்றொன்றில் சிக்கலாகவும் இருக்கக்கூடும்.

விரிசலுக்கு மரம்தான் காரணமா என்று அறிய அவசரப்படாமல் கவனிக்க வேண்டும். சன்னல், கதவு ஆகியவற்றின் மூலைகளிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் குறுகலாகவும் உள்ள விரிசல், வறண்ட காலத்தில் விரிந்து மழைக்காலத்தில் மூடிக்கொண்டால், மண் சுருக்கத்தை ஐயுறலாம். விரிசலின் குறுக்கே இரு புறமும் பென்சிலால் குறியிட்டு, அவற்றின் இடைவெளியை மாதம் ஒருமுறை அளந்து தேதியுடன் எழுதி வைக்க வேண்டும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கடந்த பிறகே அந்தக் குறிப்பு பயன்தரும். ஆண்டு முழுவதும் மாறாத விரிசலுக்கும் பூச்சில் மட்டும் தோன்றும் மயிரிழைக் கோடுகளுக்கும் பொதுவாக மரத்தோடு தொடர்பில்லை. விரிசல் தொடர்ந்து விரிந்துகொண்டே போனால், மரத்தைத் தொடுவதற்கு முன் கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் காட்டுவது நல்லது.

நேரில் பார்ப்பதற்கு ஈடான சான்று இல்லை. மரத்துக்கும் சுவருக்கும் இடையில், சுவரை ஒட்டி, கையால் ஒரு குறுகிய பள்ளத்தை 60 செ.மீ. ஆழம்வரை மெதுவாகத் தோண்டிப் பார்த்தால், வேர்கள் அங்கே வந்துள்ளனவா, எத்தனை பருமன், எந்தத் திசையில் ஓடுகின்றன என்பது தெரிந்துவிடும். அங்கே சல்லிவேர்களைத் தவிர வேறொன்றும் இல்லையென்றால், பெருவேரை வெட்டும் பேச்சையே விட்டுவிடலாம்.

வெட்டாமல் செய்யக்கூடியவை

வெறும் தரையில் வேர் தெரிகிறது, கால் தடுக்குகிறது, புல் வெட்டும் கருவி வேரைக் காயப்படுத்துகிறது என்பதுதான் குறை என்றால், மூடாக்கு ஒன்றே போதும். மரத்தூரைச் சுற்றியுள்ள புல்லை நீக்கி, மரச்சில்லு, காய்ந்த இலை அல்லது மக்கிய பட்டையை 5 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்ப வேண்டும். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் அளவு இடத்தை வெறுமையாக விட வேண்டும். மூடாக்கு மரப்பட்டையைத் தொட்டுக் கிடந்தால் ஈரம் தங்கிப் பட்டை அழுகும். மூடாக்கு மக்கும்போது மண்புழுக்களும் நுண்ணுயிர்களும் பெருகி, இறுகிய மண் சில ஆண்டுகளில் இளகும்.

மூடாக்குக்குப் பதிலாக மண்ணைக் கொட்டி வேரை மூடும் பழக்கம் பரவலாக உள்ளது. அரிப்பினால் வெளிப்பட்ட வேர்களுக்கு இடையிலுள்ள பள்ளங்களை மட்டும் மணல் கலந்த இளகிய மண்ணால் நிரப்பினால் கேடில்லை. வேர்ப்பரப்பு முழுவதும் அரை அடி, ஓரடி உயரத்துக்குக் களிமண்ணைக் கொட்டினால், கீழுள்ள வேர்கள் மூச்சடைத்து மெல்லச் சாகும். மரம் உடனே வாடாது என்பதால், இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்து உச்சிக் கிளைகள் காயும்போது யாருக்கும் அந்த மண் நினைவுக்கு வராது. மரம் பிழைத்தால், வேர்கள் புதிய மண்ணின் மேற்பரப்புக்கு ஏறி வந்து பழைய சிக்கலையே திரும்பவும் தொடங்கும். வேரின்மேல் சிமெண்ட் ஊற்றி மூடுவது இதனினும் மோசம். வேர் பருத்ததும் அந்தச் சிமெண்ட் உடையும்.

நீர் ஊற்றும் முறையையும் மாற்ற வேண்டும். நாள்தோறும் சிறிது ஊற்றுவதைவிட, சில நாட்களுக்கு ஒருமுறை மண் ஓரடி ஆழம்வரை நனையுமாறு மெதுவாக நீர் விடுவது வேரைக் கீழே இறங்கத் தூண்டும். நீரைச் சுவர்ப் பக்கத்தில் விடாமல், கட்டடத்துக்கு எதிர்ப்புறத்தில், கிளைநுனிகளுக்கு நேர் கீழே விட வேண்டும். கூரை நீர் வடியும் குழாயும், கசியும் குடிநீர்க் குழாயும், ஏர்கண்டிஷனரிலிருந்து சொட்டும் நீரும் சுவரோரத்தை எப்போதும் ஈரமாக வைத்திருந்தால், வேரை அந்தப் பக்கம் அழைப்பவர் நாம்தான். முதலில் அவற்றைச் சரிசெய்துவிட்டுப் பிறகே வேறு வேலையைத் தொடங்க வேண்டும்.

தளம் தூக்கப்பட்டிருந்தால், வேரைவிடத் தளத்தை மாற்றுவதே பெரும்பாலும் நீடித்த தீர்வாக அமைகிறது. பாதையை மரத்திலிருந்து சற்று வளைத்துச் செல்லவிடலாம். வேருக்கு மேலே மென்மையான சரிவாக உயர்த்தலாம். முழுச் சிமெண்ட் தளத்தை எடுத்துவிட்டு, தனித்தனியாகக் கழற்றிப் பதிக்கக்கூடிய கற்களை வைக்கலாம். அல்லது சரளைக்கல் மட்டும் பரப்பலாம். கற்களைப் பதிப்பதாயின், அடியில் மணலை மட்டும் போடாமல், தூசி நீக்கிய பெருஜல்லியை 10 முதல் 15 செ.மீ. கனத்துக்குப் போடுவது பயன்தரும். ஜல்லிகளுக்கு இடையிலுள்ள வெற்றிடங்களில் ஈரம் தங்காததால் வேர் அந்த அடுக்கைத் தவிர்த்து அதற்குக் கீழே ஓட முற்படும், மணலுக்குள் என்றால் தயங்காமல் நுழையும். வேர் அடர்ந்த இடத்தில் மேடையோ படியோ தேவைப்பட்டால், வேர்களுக்கு இடையே சிறு தூண்களை இறக்கி, அவற்றின்மேல் பலகையைத் தரையிலிருந்து உயர்த்திப் பாலம்போல் அமைக்கலாம்.

வெட்டியே ஆக வேண்டுமென்றால்

மரத்தின் விட்டத்தை அறியாமல் இந்த வேலையில் இறங்கவே கூடாது. தரையிலிருந்து ஏறத்தாழ 1.4 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் சுற்றளவை அளந்து, 3.14-ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும். சுற்றளவு 126 செ.மீ. என்றால் விட்டம் 40 செ.மீ. பிரிட்டனின் பிஎஸ் 5837 என்னும் 2012-ஆம் ஆண்டுத் தரநிலை, கட்டுமானப் பணியின்போது ஒற்றை அடிமரமுள்ள மரத்தைச் சுற்றிப் பாதுகாக்க வேண்டிய வேர்ப்பரப்பின் ஆரத்தை விட்டத்தின் 12 மடங்காகக் கொள்கிறது. நம் எடுத்துக்காட்டு மரத்துக்கு அது 4.8 மீட்டர். கட்டடத்தை ஒட்டிய மரத்தில் இவ்வளவு இடம் கிடைப்பது அரிது. ஆகவே மர வல்லுநர்கள் நடைமுறையில் விட்டத்தின் 6 முதல் 8 மடங்கு தொலைவுக்கு வெளியே வெட்டுவதை ஓரளவு பாதுகாப்பானதாகவும், 3 மடங்குக்கு உள்ளே வெட்டுவதை மரம் சாயும் அபாயமுள்ளதாகவும் கருதுகின்றனர். 40 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் 2.4 மீட்டருக்கு அப்பால் வெட்டலாம், 1.2 மீட்டருக்கு உள்ளே கைவைக்கவே கூடாது. இரண்டுக்கும் இடைப்பட்ட பகுதியில் மர வல்லுநர் ஒருவர் நேரில் பார்த்துச் சொல்லாமல் எதுவும் செய்யக் கூடாது.

பருமனையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே தரநிலை, 25 மி.மீ.க்குக் குறைவான விட்டமுள்ள வேர்களைத் தேவைப்பட்டால் நறுக்கலாம் என்றும், அதைவிடப் பெரியவற்றை மர வல்லுநரைக் கேட்காமல் வெட்டக் கூடாது என்றும் கூறுகிறது. வீட்டுரிமையாளருக்கு இது நினைவில் வைக்க எளிய எல்லை: கட்டைவிரலைவிடத் தடித்த வேர் என்றால் நிறுத்திவிட்டுக் கேளுங்கள். ஒரே நேரத்தில் ஒரு பக்கத்தில் மட்டுமே வெட்ட வேண்டும். மொத்த வேர்ப்பரப்பில் கால் பங்குக்கு மேல் போகக் கூடாது. மறுபக்கமும் வெட்ட வேண்டியிருந்தால் இடையே சில ஆண்டுகள் விட வேண்டும். ஏற்கெனவே சாய்ந்துள்ள மரம், தூரில் காளான் முளைத்த மரம், உள்ளே பொந்து விழுந்த மரம், அண்மையில் பக்கத்தில் பள்ளம் தோண்டப்பட்ட மரம் ஆகியவற்றில் இந்த அளவுகள் எதுவும் பொருந்தாது.

காலத்தைப் பொறுத்தவரை, புதுத்தளிர் விடும் பருவத்தையும், கடுங்கோடையையும், பெருங்காற்று வீசும் பருவத்துக்குச் சற்று முந்தைய வாரங்களையும் தவிர்க்க வேண்டும். காற்றுப்பருவம் ஓய்ந்து, மண்ணில் இன்னும் ஈரம் இருக்கும் நாட்களே உகந்தவை.

வெட்டும் இடத்தில் முதலில் வேரைச் சுற்றியுள்ள மண்ணைக் கையாலோ சிறு கரண்டியாலோ நீக்கி, வேர் முழுவதும் தெரியுமாறு செய்ய வேண்டும். இப்பணிக்கு அழுத்தக் காற்றினால் மண்ணை ஊதி அகற்றும் கருவி வைத்திருப்பவர்கள் கிடைத்தால் அதுவே சிறந்தது. வேரின் பட்டை கிழியாது. பிறகு கூர்மையான ரம்பத்தால் வேருக்குக் குறுக்காக, ஒரே சீராக அறுக்க வேண்டும். மண்வெட்டியால் கொத்துவதும் மண் அள்ளும் எந்திரத்தால் இழுத்துப் பிடுங்குவதும் வேரை அடிமரம்வரை பிளந்துவிடும்; அந்தப் பிளவு வழியாக அழுகல் மரத்துக்குள் ஏறும். வெட்டுவாயில் தார், பெயிண்ட் எதையும் பூச வேண்டியதில்லை. வெட்டியவுடன், வேர்கள் காய்வதற்குள், அதே மண்ணால் பள்ளத்தை மூடி நீர் ஊற்ற வேண்டும். மேலே தெரியும் வேரின் முதுகை மட்டும் செதுக்கிச் சமப்படுத்துவது சிறிய வேலையாகத் தோன்றினாலும், அது ஒருபோதும் ஆறாத நீண்ட காயத்தை உண்டாக்குவதால் அதைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்த இரண்டு மூன்று வறண்ட பருவங்களில் மரத்துக்குத் தவறாமல் ஆழ நீர் விட வேண்டும். இழந்த வேருக்கு ஈடாகக் கிளைகளைக் கடுமையாகக் கழிப்பது நல்லதென்று சிலர் சொல்வர். இலைகளே புதிய வேருக்கு உணவு செய்கின்றன என்பதால், காய்ந்தவற்றையும் ஆபத்தானவற்றையும் மட்டும் நீக்கினால் போதும். தழைச்சத்து உரத்தை முதல் ஆண்டில் தவிர்க்கலாம். உச்சிக் கிளைகள் காய்வது, இலைகள் சிறுத்து வெளிறுவது, தூரின் ஒரு புறத்தில் மண் வெடித்து எழும்புவது ஆகியவற்றைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். கடைசியாகச் சொன்னது தெரிந்தால் மரம் சாயத் தொடங்கிவிட்டது என்று பொருள், அன்றே வல்லுநரை அழைக்க வேண்டும்.

மரம் அண்டை வீட்டாருடையதாகவோ பொது இடத்தில் நிற்பதாகவோ இருந்தால், அதன் வேரை வெட்டுவதற்கு முன் உரிமையாளருடன் பேசுவதும், உள்ளூர் விதிகளை விசாரிப்பதும் அவசியம்.

வேர்த்தடுப்பு

வேரை வெட்டிய இடத்தில் எதுவும் செய்யாமல் மூடினால், வெட்டுவாயிலிருந்து பல புது வேர்கள் கிளைத்துச் சில ஆண்டுகளில் அதே இடத்துக்கு வந்துசேரும். ஆகவே வேரை வெட்டும்போதே, திறந்த பள்ளத்தில் தடுப்புத்தகட்டை இறக்கிவிடுவது சிக்கனமானது. இதற்குக் கெட்டியான பாலிஎத்திலீன் தகடுகள் கிடைக்கின்றன. 60 முதல் 90 செ.மீ. ஆழத்துக்கு, மரத்தை வளைத்து அல்லாமல், காக்க வேண்டிய சுவருக்கோ தளத்துக்கோ அருகில், அதற்கு இணையான நேர்கோட்டில் பதிக்க வேண்டும். தகட்டின் மேல்விளிம்பு மண்ணுக்கு மேல் ஓரிரு செ.மீ. நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், புதைந்துபோனால் வேர் அதன்மேல் ஏறிக் கடந்துவிடும். இணைப்புகளில் இடைவெளி இருக்கவே கூடாது. செங்குத்தான வரம்புகள் உள்ள தகடாக இருந்தால் அந்தப் பக்கம் மரத்தை நோக்கி இருக்க வேண்டும். தகட்டில் முட்டிய வேர் பக்கவாட்டில் சுற்றாமல் அந்த வரம்புகளின் வழியே கீழே திரும்பும்.

தடுப்பு என்பது காலத்தை வாங்கித்தரும் ஏற்பாடே தவிர, விற்பவர்கள் சொல்வதுபோல் என்றென்றைக்குமான மதில் அன்று. அடியில் சென்ற வேர், மறுபுறம் இளகிய ஈரமண் இருந்தால் மீண்டும் மேலேறும். களிமண் சுருக்கத்தால் வரும் விரிசலுக்கு இதை மட்டும் நம்புவது போதாது.

கழிவுநீர்க் குழாய்கள்

பழுதில்லாத குழாயை வேர் துளைப்பதில்லை. பழைய மண் குழாய், சிமெண்ட் குழாய் ஆகியவற்றின் இணைப்புகளில் கசியும் ஈரத்தைப் பின்தொடர்ந்து மயிரிழை வேர் நுழைந்து, உள்ளே கிடைக்கும் நீரிலும் சத்திலும் தடித்த கற்றையாகப் பெருகும். கம்பியோ வேர் அறுக்கும் கருவியோ விட்டு நீக்குவது தற்காலிக நிவாரணம். மயில்துத்தத்தை ஊற்றுவது செப்டிக் டேங்கின் நுண்ணுயிர்களையும், கழிவுநீர் சேரும் நீர்நிலையின் மீன்களையும் பாதிக்கக்கூடும் என்பதால் அதை நாடாமல் இருப்பதே மேல். கசியும் பகுதியை இணைப்புகள் நன்கு ஒட்டப்பட்ட பிவிசி குழாயாக மாற்றுவதுதான் உண்மையான பழுதுபார்ப்பு. அதைச் செய்தபின் மரத்தைக் குறை சொல்ல எதுவும் இருக்காது.

மரத்தை அகற்றுவதும் மாற்று நடுவதும்

மேலே சொன்ன எதற்கும் இடமில்லாத அளவுக்கு மரம் சுவரோடு ஒட்டி நின்றால், அதை அகற்றுவதே நேர்மையான முடிவு. தாங்குவேர்களை அறுத்துவிட்டு மரத்தை மட்டும் நிறுத்தி வைப்பது ஆபத்தை ஒத்திப்போடுவதாகும். களிமண் நிலத்தில், கட்டடத்தைவிட வயதில் மூத்த பெரிய மரத்தை அகற்றுவதற்கு முன் மட்டும் பொறியாளரைக் கேட்க வேண்டும். அது பல ஆண்டுகளாக உலர்த்தி வைத்திருந்த மண் மீண்டும் ஈரமேறி விரியும்போது, அஸ்திவாரம் மேல்நோக்கித் தள்ளப்படலாம். அடியிலுள்ள வேர்கள் மக்கும்போது மேலுள்ள தளம் ஆங்காங்கே உள்வாங்கக்கூடும் என்பதால், நிலையான புதிய தளத்தை உடனே போட அவசரப்பட வேண்டாம்.

மாற்றாக நடும்போது, சிறு மரங்களைச் சுவரிலிருந்து 3 மீட்டருக்கும், நடுத்தர மரங்களை 5 அல்லது 6 மீட்டருக்கும், பெருமரங்களை 8 முதல் 10 மீட்டருக்கும் அப்பால் வைப்பது பொதுவான அளவு. களிமண்ணாக இருந்தால் இன்னும் தள்ளி நடலாம். குழியை ஆழமாக எடுப்பதைவிட, கன்றின் மண்கட்டியைப் போல் இரண்டு மூன்று மடங்கு அகலமாக எடுத்து, சுற்றிலும் மண்ணைக் கிளறி இளக்கிவிட வேண்டும். தொட்டியில் நெடுநாள் இருந்த கன்றுகளில் வேர் வட்டமாகச் சுற்றியிருக்கும்; நடுவதற்கு முன் அந்தச் சுற்றை விரித்து விடவோ, விரிக்க முடியாதவற்றை அறுத்து நீக்கவோ வேண்டும், இல்லையெனில் அதே வேர் பருத்து அடிமரத்தை இறுக்கும். வேர் விரியத் தொடங்கும் கழுத்துப் பகுதி தரைமட்டத்தில் தெரியுமாறு கன்றை வைத்து, மண்ணை மிதித்து இறுக்காமல் நீர் ஊற்றியே அமரவிட வேண்டும்.